ஓடிப்போகும் இலத்திரன்: கொழும்பு நாட்குறிப்பு

வெள்ளி இரவு, வெள்ளவத்தை

"நோபல் பரிசு பெற்ற யாராவது ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்" என்றுதான் நண்பர் தொலைபேசியில் கேட்டார். கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் வகுப்பு நடத்துகிறவர் அவர். செவ்வாய்க்கிழமை மாலை எனக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறார். ஊக்கம் என்று யாராவது சொன்னாலே எனக்கு வாய் கசக்கும். வறுமையில் பிறந்தார், தெருவிளக்கில் படித்தார், பரிசு வாங்கினார் என்று முடிகிற கதைகளைப் பரிசளிப்பு விழாக்களில் வேண்டிய அளவு கேட்டாகிவிட்டது. ஆகவே வேண்டுமென்றே ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் பால் டிராக்கைத் தெரிவு செய்தேன். அந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்து ஊக்கம் பிழிந்தெடுப்பது மிகவும் கடினம்.

யாழ்ப்பாணத்தில் காலையில் ஏறிய ரயில் கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி என்று வந்துகொண்டிருக்க, மடியில் அவரைப் பற்றிய குறிப்புகளை வைத்துக்கொண்டு வந்தேன். 1902 ஆகஸ்ட் 8, பிரிஸ்டல். தந்தை சார்ல்ஸ் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பிரெஞ்சு ஆசிரியர். சாப்பாட்டு மேசையில் தன்னோடு பிரெஞ்சில் மட்டுமே பேச வேண்டும் என்பது அவர் விதித்த சட்டம். பிழையில்லாமல் பிரெஞ்சு பேச வராத தாயும் மற்றப் பிள்ளைகளும் சமையலறையில் சாப்பிட, பால் மட்டும் தந்தைக்கு எதிரே அமர்ந்திருப்பான். பிரெஞ்சில் சொல்ல முடியாததைச் சொல்லாமலே விட்டுவிடுவது நல்லது என்று அந்தச் சிறுவன் முடிவு செய்தான். இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் சக ஊழியர்கள் மணிக்கு ஒரு சொல் என்பதை 'ஒரு டிராக்' என்று அலகாக வைத்துக் கேலி செய்தார்கள். எங்கள் வீடுகளில் பிள்ளையை அதட்டி ஆங்கிலம் பேச வைக்கிற அப்பாமார் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

கோட்டையில் இறங்கிக் கரையோர ரயிலுக்கு மாறினேன். கதவருகே நிற்க இடம் கிடைத்தது, கடல் காற்றோடு வெள்ளவத்தை. அக்கா வீட்டில் இடியப்பமும் சொதியும் காத்திருந்தன. அத்தான் கணக்காளர். நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் கண்டுபிடித்ததால் யாருக்கு என்ன கிடைத்தது?" என்றார். வைத்தியசாலையில் புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேன் என்றேன். அத்தான் அடுத்த இடியப்பத்துக்குக் கை நீட்டினார்.

சனி இரவு

அக்காவின் மகன், என் மருமகன், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம், முதலாம் ஆண்டு. பொறியியல் கிடைக்கவில்லையே என்று அக்காவுக்கு இன்னும் மனக்குறை. அவளுக்காகவே இன்று காலை ஒன்று சொன்னேன். டிராக் முதலில் படித்தது மின் பொறியியல். 1921இல் முதல் வகுப்பில் தேறினார், போருக்குப் பிந்திய மந்தத்தில் வேலை கிடைக்கவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் கட்டணம் வாங்காமல் கணிதம் படிக்க இடம் கொடுத்தது. 1923இல் கேம்பிரிட்ஜ், ரால்ஃப் ஃபௌலரின் மாணவர். பொறியியல் படித்ததால்தான் தோராயமான சமன்பாடுகளிலும் அழகு இருக்கலாம் என்பது தனக்குப் புரிந்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அவருக்கும் முதலில் பொறியியல் கிடைத்திருக்கிறது" என்றாள். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

மருமகனும் நானும் பம்பலப்பிட்டியில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்தோம். நான் பார்க்க விரும்பியது கல்லூரி இல்லம். பழைய தேர்ஸ்டன் வீதியில் நிற்கிற அந்த மாளிகை 1912இல் த சொய்சா குடும்பத்தினர் கட்டியது. அரசு வாங்கி, 1921இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குக் கொடுத்தது. வெள்ளை முகப்பு, தூண்கள், போதிய மரநிழல். மருமகன் தினமும் இதைத் தாண்டிப் போகிறான். "இங்கே படித்த ஒருவர் டிராக்கிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார், தெரியுமா?" என்றேன்.

"யார் மாமா?"

கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். 1918இல் பிறந்த இலங்கைத் தமிழர். இந்தக் கல்லூரியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குப் போனவர். மருமகன் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அவனுடைய நண்பர்கள் இருவர் வந்தார்கள், அவர்களுக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் காலத்திலும் எந்த ஆசிரியரும் எங்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னதில்லை; நானே ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில்தான் தற்செயலாகக் கண்டேன்.

டிராக்கிடம் மாணவராவது சாதாரண விடயம் இல்லை. அவர் ஆராய்ச்சி மாணவர்களைத் தேடிப் போகிறவர் அல்லர், வந்தவர்களையும் பெரும்பாலும் தனியே விட்டுவிடுவார். வானியலாளர் ஃபிரெட் ஹொய்ல் இதை வேடிக்கையாகச் சொல்வார்: மாணவர் வேண்டாம் என்கிற மேற்பார்வையாளரும் மேற்பார்வையாளர் வேண்டாம் என்கிற மாணவரும் பொருந்திப் போனார்களாம். ஹரீஷ் சந்திரா வந்தார், பிறகு கணிதத்துக்கே போய்விட்டார். டெனிஸ் சியாமா வந்தார். அவருடைய மாணவர்தான் ஸ்டீபன் ஹோக்கிங். இந்த வரிசையில் கொழும்பிலிருந்து போன ஒரு தமிழர்.

பல்கலைக்கழகத்தை ஒட்டி ரேஸ் கோர்ஸ். இப்போது கடைகளும் றக்பி மைதானமும். இரண்டாம் உலகப் போரில் இந்தக் குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. அதே ஆண்டு ஜூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகமாக மாறியது. அடுத்த ஆண்டு, 1943இல், எலியேசரின் கட்டுரை ஒன்று கேம்பிரிட்ஜில் வெளியானது. அதைப் பற்றித்தான் செவ்வாயன்று பேச வேண்டும் என்று ரேஸ் கோர்ஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது முடிவு செய்தேன். டிராக் அதற்கு முன்னுரையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

திரும்பும் வழியில் 1965இல் திறந்த கோளரங்கத்தின் கொங்கிரீட் கூம்பைக் கண்டு கொஞ்சம் நின்றோம். ஓட்டோக்காரர் ஒருவர், "ஆர்தர் கிளார்க் வீடு பார்க்க வேண்டுமா, இருநூறு மட்டும்" என்றார். கொழும்பில் விஞ்ஞானம் என்றால் முதலில் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் கிளார்க். அவர் இங்கே அரை நூற்றாண்டு வாழ்ந்தவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஞாயிறு, காலிமுகத்திடல்

மாலையில் நடக்க வந்தோம். பட்டங்கள், குழந்தைகள், இறால் வடை வண்டிகளின் எண்ணெய் வாசனை. ஞாயிறு நடை டிராக்குக்கும் பிடிக்கும். வாரம் முழுக்க வேலை, ஞாயிறு மட்டும் கேம்பிரிட்ஜுக்கு வெளியே நெடுந்தூரம் தனியே நடப்பார், அன்று வேலையைப் பற்றி நினைக்கக் கூடாது என்பது அவருடைய ஒழுங்கு.

1925இன் இலையுதிர் காலத்தில் அந்த ஒழுங்கு ஒரு நாள் குலைந்தது. ஜெர்மன் பௌதிகவியலாளர் ஹைசன்பர்க்கின் புதிய கட்டுரையின் அச்சுப்படியை ஃபௌலர் அவரிடம் கொடுத்திருந்தார். அதில் இரண்டு கணியங்களை எந்த வரிசையில் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. ஹைசன்பர்க்குக்கு அது சங்கடம். டிராக் அதைத்தான் மையம் என்று பிடித்துக்கொண்டார். நடந்துகொண்டிருந்தபோது, பழைய இயக்கவியலில் புவாசோன் அடைப்பு என்று ஒன்று உண்டே, அதுவும் இப்படித்தானே நடந்துகொள்ளும் என்று தோன்றியது. சூத்திரம் சரியாக நினைவில் இல்லை. அறைக்கு ஓடிப் புத்தகங்களைப் புரட்டினார், எதிலும் இல்லை. ஞாயிறு, நூலகம் பூட்டு. இரவு முழுவதும் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது என்கிறார். திங்கட்கிழமை காலை நூலகம் திறந்ததும் பார்த்தார், பொருந்தியது. அப்போது வயது 23.

மருமகன் இதைக் கேட்டுவிட்டுத் தன் கைத்தொலைபேசியில் புவாசோன் அடைப்பைத் தேடி ஒரு நொடியில் என்னிடம் நீட்டினான். அந்த ஓர் இரவு இவனுக்குக் கிடைக்காது. கிடைக்காமல் போனது நல்லதா கெட்டதா என்று இறால் வடை தின்றபடி வாதாடினோம், முடிவுக்கு வரவில்லை.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவைதாம். 1928இல் இலத்திரனுக்கான சமன்பாடு. அணு உலகின் குவாண்டம் விதிகளும் ஐன்ஸ்டைனின் சார்பியலும் அதில் ஒன்றாக வந்தன, இலத்திரனின் சுழற்சி கேட்காமலே கிடைத்தது. கூடவே எதிர்ச் சக்தி கொண்ட தீர்வுகளும் வந்து நின்றன. அவற்றைத் தூக்கி எறியாமல் முதலில் அணுக்கருவில் உள்ள புரோத்தனாக இருக்குமோ என்று பார்த்தார், சரிவரவில்லை. 1931இல், இலத்திரனுக்குச் சம திணிவும் எதிர் மின்னேற்றமும் கொண்ட புதிய துணிக்கை ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டே கார்ல் அண்டர்சன், விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களில் அதைக் கண்டார். அதுதான் பொசித்திரன்; அத்தானிடம் நான் சொன்ன பெட் ஸ்கேன் பயன்படுத்துவதும் இதைத்தான். அண்டக் கதிர்கள் என்றதும் கொழும்புக்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது: இங்கே பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஏ. டபிள்யூ. மயில்வாகனம் ஆராய்ந்ததும் அவற்றைத்தான்.

1933இல் பௌதிகவியலாளர் ஷ்ரோடிங்கரோடு பகிர்ந்து நோபல் பரிசு, வயது 31. விளம்பரத்துக்கு அஞ்சி மறுத்துவிடலாமா என்று யோசித்தவரிடம், மறுத்தால் இன்னும் அதிக விளம்பரம் வரும் என்று கேம்பிரிட்ஜின் மூத்த விஞ்ஞானி ரதர்ஃபோர்ட் சொன்னதால் ஏற்றுக்கொண்டார். ஸ்டொக்ஹோமுக்குத் தாயை அழைத்துப் போனார், தந்தையை அழைக்கவில்லை. அந்தச் சாப்பாட்டு மேசையை நினைத்துக்கொண்டேன்.

திங்கள் இரவு

இன்று எங்கும் போகவில்லை. மழை. காலி வீதியில் வெள்ளம் முழங்கால் வரை என்று அத்தான் வீட்டுக்குள் நின்றபடியே அறிக்கை வாசித்தார். மேசையில் கடதாசிகளைப் பரப்பி, மருமகனுக்கு டிராக்கின் 1938 கட்டுரையையும் எலியேசரின் 1943 கட்டுரையையும் விளக்கப் பார்த்தேன். இதுதான் இந்தப் பயணத்தின் உண்மையான நாள்.

மின்னேற்றம் கொண்ட துணிக்கை ஆர்முடுகினால், அதாவது அதன் வேகம் மாறினால், கதிர்ப்பை வெளிவிடும். இதை உயர்தர வகுப்பிலேயே சொல்கிறோம். அணுக்கருவைச் சுற்றும் இலத்திரன் இப்படிச் சக்தியை இழந்துகொண்டே போனால் 10⁻¹¹ செக்கன் அளவிலான நேரத்துக்குள் கருவில் விழுந்துவிட வேண்டும், விழவில்லை, ஆகவே பழைய பௌதிகவியல் தோற்றது, நீல்ஸ் போர் வந்தார் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். ஆனால் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. இலத்திரன் தான் வெளிவிட்ட கதிர்ப்பாலேயே பின்னுக்கு இழுபடுகிறதே, அந்த இழுவையைச் சரியாக எப்படி எழுதுவது? இலத்திரனைப் புள்ளியாக எடுத்தால் அதன் சொந்தப் புலத்தின் சக்தி முடிவிலியாகிவிடும். 1938இல் டிராக் இதைக் கையில் எடுத்தார். முடிவிலியைத் திணிவுக்குள் சேர்த்து மறைத்துவிட்டு, சார்பியலுக்கு முற்றிலும் இணங்கிய ஒரு சமன்பாட்டைக் கண்டார். பார்க்க அழகானது.

அதில் ஒரு விக்கல். நியூட்டனின் சமன்பாட்டில் விசை தெரிந்தால் ஆர்முடுகல் தெரியும். டிராக்கின் சமன்பாட்டில் ஆர்முடுகல் மாறும் வீதமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனவே தொடக்கத்தில் இடம், வேகம் இரண்டையும் சொன்னால் போதாது, ஆர்முடுகலையும் சொல்ல வேண்டும். ஏதோ ஒன்றைச் சொன்னால், எந்த விசையும் இல்லாமலே இலத்திரன் தானாக ஆர்முடுகிக்கொண்டு ஓடிவிடும். கடிவாளம் அறுந்த குதிரை மாதிரி. இந்த ஓட்டத் தீர்வுகளைத் தவிர்க்க டிராக் ஒரு நிபந்தனை போட்டார்: இறுதியில் ஆர்முடுகல் பூச்சியமாக வேண்டும். அந்த நிபந்தனைக்கும் விலை உண்டு. விசை வந்து தொடுவதற்குச் சற்று முன்னரே இலத்திரன் நகரத் தொடங்கிவிடும். எவ்வளவு முன்னர்? சுமார் 6 × 10⁻²⁴ செக்கன். டிராக் இதை மறைக்கவில்லை. இலத்திரனின் உள்ளே ஒரு சைகை ஒளியை விட விரைவாகப் போகலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே துணிந்து எழுதினார்.

எலியேசர் கேட்ட கேள்வி எளிமையானது. இலத்திரன் ஒரு புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் போகட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன, மோதத்தானே வேண்டும்? சமன்பாட்டைத் தீர்த்தார். மோதவில்லை. ஈர்க்கிற புரோத்தனை நோக்கி விழுகிற இலத்திரன், அதை அடைவதற்கு முன்னரே நின்று, திரும்பி, வந்த வழியே மேலும் மேலும் வேகமாக ஓடிப்போகிறது. தொடக்க ஆர்முடுகலை எப்படி மாற்றினாலும் தப்ப வழியில்லை. டிராக்கின் நிபந்தனையை நிறைவு செய்கிற தீர்வு ஒன்றுகூட அங்கே இல்லை. பிற்காலத்தவர் இதை எலியேசர் தேற்றம் என்று அழைக்கிறார்கள்.

"அப்படியென்றால் டிராக் பிழையா?" என்றான் மருமகன்.

புள்ளி இலத்திரன் என்ற கருத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை டிராக் காட்டினார். அந்த எல்லையில் என்ன கிடக்கிறது என்பதை அவருடைய மாணவர் காட்டினார். இப்படித்தான் எனக்குப் படுகிறது. நோபல் பரிசு பெற்ற ஆசிரியரின் சமன்பாட்டை எடுத்து, பணிவோடு அதற்குள் ஏறி, கூரையில் ஓட்டை இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஒருவருக்கு என்ன நெஞ்சு வேண்டும்! அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துக்குள். எலியேசர் அதோடு நிற்கவில்லை, 1948இல் ஓட்டத் தீர்வுகள் இல்லாத மாற்றுச் சமன்பாடு ஒன்றையும் முன்வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து ஃபோர்ட், ஓகொனெல் என்ற இரு பௌதிகவியலாளர்கள் முற்றிலும் வேறு பாதையில் அதே வடிவத்தை வந்தடைந்தார்கள். இன்று செறிந்த லேசர் ஒளியில் இலத்திரனைச் செலுத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி மறுபடியும் தேவைப்படுகிறது.

1949இல் எலியேசர் கொழும்புக்குத் திரும்பி இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார், பின்னர் விஞ்ஞான பீடாதிபதி. 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 1968இல் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கு. 2001இல் மெல்பேர்னில் காலமானார். 1956, 1958 ஆகிய ஆண்டுகள் இந்த நாட்டில் எப்படி இருந்தன என்று வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் ஏன் போனார் என்று நான் ஊகிக்கவும் போவதில்லை. போனார்.

அத்தான் இவ்வளவையும் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "முடிவிலியைத் திணிவுக்குள் சேர்த்து மறைத்தார் என்றாயே, எங்கள் தொழிலில் அதற்குச் சிறைத் தண்டனை" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் மழைச் சத்தம் கேட்கவில்லை.

செவ்வாய் இரவு

வகுப்பு முடிந்தது. நீண்ட மண்டபம், மின்விசிறிகள், வாங்குகளில் நெருக்கியடித்துப் பிள்ளைகள். நண்பர் என்னை 'ஊக்கப் பேச்சாளர்' என்று அறிமுகப்படுத்தினார். நட்பின் பொருட்டுப் பொறுத்துக்கொண்டேன்.

டிராக்கின் மௌனத்துக்குச் சிரித்தார்கள். விரிவுரையின் முடிவில் ஒருவர், "வலது பக்கம் மேலே உள்ள சமன்பாடு எனக்கு விளங்கவில்லை" என்றாராம். டிராக் பேசாமல் நின்றாராம். பதில் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, "அது கேள்வி அல்ல, கூற்று" என்றாராம். உண்மையோ கதையோ, பிள்ளைகளுக்குப் பிடித்தது. 1953இல் சேர் பட்டம் வேண்டாம் என்றார், முன்பின் அறியாதவர்கள் தன்னை முதற்பெயர் சொல்லி அழைப்பது அவருக்குப் பிடிக்காது என்பதால். அதற்கும் சிரித்தார்கள். பொசித்திரனுக்கு மண்டபம் அமைதியானது. எலியேசரின் பெயரையும் 1943ஐயும் கரும்பலகையில் எழுதியபோது, பரீட்சைக்கு வருமா என்று ஒரு பையன் கேட்டான். வராது என்றேன். சில பேனைகள் கீழே வைக்கப்பட்டன.

இரண்டாம் வரிசையில் ஒரு பிள்ளை பேனையை வைக்கவில்லை. ஓடிப்போகும் இலத்திரனின் வரைபை நான் போட்டு முடிக்கும் வரை காத்திருந்து எழுந்தாள்.

"சேர், விசை வருவதற்கு முன்னரே இலத்திரன் நகர்கிறது என்றீர்கள். அந்த 6 × 10⁻²⁴ செக்கனில் ஒளி எவ்வளவு தூரம் போகும்?"

நீயே போட்டுப் பார் என்றேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை. "கிட்டத்தட்ட 2 × 10⁻¹⁵ மீற்றர். புரோத்தனின் அளவுதானே அது? அவ்வளவு சின்ன இடத்தில் குவாண்டம் விதிகள் வந்துவிடும். பழைய சமன்பாட்டை அங்கே நம்பியதே பிழை இல்லையா?"

அதே கருத்துத்தான் இன்று பெரும்பாலான பௌதிகவியலாளர்களுக்கும் என்றேன். ஆனால் குவாண்டத்துக்குப் போனாலும் முடிவிலி போகவில்லை, வேறு உடையில் வந்து நின்றது. 1940களின் பிற்பகுதியில் மற்றவர்கள் அதை ஒதுக்கிவிடும் முறையைக் கண்டுபிடித்தார்கள், விடைகள் பரிசோதனையோடு அபாரமாகப் பொருந்தின. டிராக் ஒப்பவில்லை. சிறியதைப் புறக்கணிக்கலாம், முடிவிலியாகப் பெரியதை வேண்டாம் என்று புறக்கணிப்பது கணிதம் ஆகாது என்று, 1984இல் புளோரிடாவில் இறக்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் உட்காரவில்லை. "அப்படியென்றால் அவருடைய 1938 சமன்பாட்டுக்கு நீங்கள் எத்தனை புள்ளி கொடுப்பீர்கள், சேர்?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. படிமுறைக்கு முழுப் புள்ளி, விடைக்கு இல்லை என்றேன். அது அநியாயம், விடை அவருடைய பிழை இல்லையே என்றாள். நண்பர் கடிகாரத்தைக் காட்டினார். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். அவளோ கொப்பியை மூடாமல், புரோத்தனுக்குப் பதிலாக இன்னோர் இலத்திரனை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே படி வரை வந்தாள்.